சனிக்கிழமை அஞ்ஞானி

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகிற சாலையில், நாலாவது மைல்கல்லுக்கு இடது கைப்பக்கம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம் இருந்தது. 'ஆதிப் பிதாக்கள் தர்க்கக் கலாசாலை' என்று வாசலில் பலகை. உள்ளே முப்பத்திரண்டு மாணவர்கள், நாலு சாமியார்கள், ஒரு பதிவாளர். கிராமங்களுக்கு உபதேசியார்களாகப் போகிறவர்களுக்கு, ரோமாபுரியின் அஞ்ஞானத்தை, அதாவது அங்கே பல தெய்வங்களைக் கும்பிட்டதை, மறுத்துப் பேசுவது எப்படி என்று மூன்று வருடம் சொல்லிக் கொடுப்பது அங்கே நடந்த வேலை. ரோமாபுரியில் அந்த அஞ்ஞானம் ஒழிந்து ஆயிரத்து ஐந்நூறு வருடம் ஆகிவிட்டது. செய்தி சாணார்பட்டிச் சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் தபாலைப் பிரிக்கப் பதிவாளருக்கு அதிபரின் கையெழுத்து வேண்டும்.

படிப்பை முடித்து வெளியே போனவர்கள் சுற்றுவட்டாரம் முழுக்க ரோமர்களைத் தேடினார்கள். கண்ணில் பட்டவர்கள் எல்லாம் கத்திரிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், கனகாம்பரம் பறிக்கிறவர்கள். அவர்களிடம் போய், யூப்பித்தர் தேவன் தன் தகப்பனை விரட்டிவிட்டு ஆட்சிக்கு வந்தவன், அவனைக் கும்பிடலாமா என்று கேட்டால், கும்பிடக் கூடாதுதான் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இப்படி வருடம் ஒன்றுக்கு நானூறு பேர் மறுக்கப்பட்டதாகக் கலாசாலையின் ஆண்டறிக்கை சொல்லிற்று.

அங்கே இஞ்ஞாசிக்கு வேலை வாசிப்பது. சாப்பாட்டு வேளையில் மாணவர்கள் வாய் திறந்து பேசக் கூடாது, ஒருத்தர் மேடையில் நின்று ஆதித் திருச்சபைப் பிதாக்கள் ரோமர்களை மறுத்து எழுதிய நூலை உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. முதலில் மாணவர்களே முறை வைத்து வாசித்தார்கள். வாசிக்கிறவன் கடைசியில் சாப்பிட உட்காரும்போது சோறு இருக்கும், வெஞ்சனம் இருக்காது. அதனால் முறை வந்தவனுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் 1954-ல் இஞ்ஞாசியைப் பிடித்துப் போட்டார்கள். அவர் ஐந்தாவது வரை படித்தவர். ஊரில் ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகம் போடும்போது, அவருக்குச் சாவுத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேசம் கட்டுகிறவர். பிலாத்து தீர்ப்புச் சொன்னால் மூன்று தெரு தள்ளி மாடு மிரளும் என்பார்கள், அப்படி ஒரு குரல்.

மூன்று வேளையும் அவர் வாசித்தார், முப்பத்திரண்டு பேரும் மென்றார்கள். அந்த அறையில் அந்த நூலைக் கேட்டது ஒரே ஆள், அது இஞ்ஞாசி. கேட்கக் கேட்க அவருக்கு ருசித்தது. கதவுக்கு ஒரு தெய்வம், கீலுக்கு ஒரு தெய்வம், நிலைப்படிக்கு ஒரு தெய்வம் வைத்திருக்கிறீர்களே, மனுசன் வீட்டு வாசலுக்கு ஒரே ஒரு காவற்காரன் போதுமாயிருக்கிறதே என்று பிதா கேட்கிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். எரிகிற ஊரிலிருந்து தோற்றவன் ஒருத்தன் அந்தத் தெய்வங்களின் சிலைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கதையை வாசிக்கும்போது, தூக்கினவன் காத்தானா, தூக்கப்பட்டது காத்ததா என்ற கேள்வியில் நிறுத்தி, சாப்பாட்டு அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார். அங்கே இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

1957-ல் ஆயர் மேற்றிராணியாரின் விசாரணைச் சாமியார் வந்தார். கலாசாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையன்களுக்கு எதிராளியோடு பேசிப் பழக்கம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான். அவர் வண்டி புளியமரம் தாண்டுவதற்குள் அதிபர் சவரிராயர் சாமியார் கமிட்டி கூட்டிவிட்டார்.

"நம்மிடம் ஆயுதம் இருக்கிறது, சிப்பாய் இருக்கிறான், எதிரி மட்டும் இல்லை. இதை ஒரு நிர்வாகக் குறையாக நான் கருதுகிறேன்" என்றார் அதிபர். "இந்தக் கலாசாலைக்கு உடனடியாக ஒரு அஞ்ஞானி தேவை."

காய்கறி போட வந்த சோலைமலையைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"யூப்பித்தர் தேவனை நீ நம்புகிறாயா?" என்றார் அதிபர்.

"அது எந்தூருச் சாமிங்க?"

"ரோமாபுரி."

"நம்ம பக்கம் கெடையாதுங்களே. எங்க ஊர்ல கருப்பு இருக்காரு, தாடிக்கொம்புல பெருமாள் இருக்காரு. ரோமாபுரிங்கறது தெரியலையே. அவசரம்னா சந்தைல விசாரிச்சுட்டு வாரேன்."

கமிட்டி பத்து நிமிடம் யோசித்தது. பதிவாளர் சந்தியாகு தீர்மானத்தை எழுதினார்: மேற்படி ஆள் பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பதால் அஞ்ஞானியாகக் கருத இயலாது. சோலைமலை கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

மாணவர்களில் ஒருத்தனும் அஞ்ஞானியாக இருக்க முன்வரவில்லை. பின்னால் உபதேசியார் வேலைக்கு இடைஞ்சல் வருமாம். என்ன முன்யோசனை பாருங்கள். கடைசியில் பதிவாளருக்குத்தான் பாஸ்கு நாடகம் ஞாபகம் வந்தது. பிலாத்து ரோமன், இஞ்ஞாசி பிலாத்து, ஆகவே இஞ்ஞாசி ரோமன். கமிட்டியில் நாலு பேர் தர்க்க சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவர்கள். ஒருத்தருக்கும் மறுப்பு இல்லை.

"சனிக்கிழமை பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்தான்" என்றார் சந்தியாகு.

இஞ்ஞாசி சரி என்றுவிட்டார். யூதாஸ் வேசம் போட்டவனே பாஸ்கு முடிந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொள்கிறான், ஒரு மணி நேர ரோமனால் என்ன வந்துவிடும் என்று நினைத்தார் பாவம்.

சனிதோறும் சன்னல் திரையைத் தோளில் போர்த்திக்கொள்வார். தலைக்கு இலைக் கிரீடம் வேண்டும் என்று பாடத்தில் இருந்ததால் கருவேப்பிலைக் கொத்தை வளைத்துக் கட்டினார்கள். பதினொன்று அடித்ததும் அது அடுப்படிக்குப் போய்விடும். இஞ்ஞாசி எழுந்து தேவர்களின் பெருமையைச் சொல்வார். மாணவன் மறுக்க வேண்டும். அவனுக்கோ ஒரு எழுத்துத் தெரியாது. இஞ்ஞாசி இருமிக்கொண்டே அவன் பக்கம் சாய்ந்து மறுப்பையும் சொல்லிக் கொடுப்பார். அதை அவன் திருப்பிச் சொன்னதும் "ஐயோ, தோற்றேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு உட்கார்வார். இப்படி நாலு வருடத்தில் நூற்றுத் தொண்ணூறு தடவை தோற்றார். சந்தியாகு ஒவ்வொன்றையும் பேரேட்டில் ஏற்றினார். வருடக் கடைசியில் பங்குக் கோயிலுக்கு ஒரு கடிதம் போகும்: கலாசாலை எல்லையில் உள்ள ரோமை அஞ்ஞானிகள், ஒன்று; பெயர், இஞ்ஞாசி. வேறு எந்தப் பங்கிலும் இப்படி ஒருத்தர் கிடையாது என்று அதிபருக்குத் தலை நிமிர்ந்துபோயிற்று.

1961 ஆடியில் இஞ்ஞாசியின் ஒரே மகள் செபஸ்தியம்மாளுக்கு இடம் ஒத்து வந்தது. மாப்பிள்ளை அருளப்பன், பஸ் கம்பெனியில் வேலை. நல்ல பையன். பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று, அவன் பேரைச் சொன்னால் அடுப்பில் எதையாவது தீய விட்டாள். ஆவணியில் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டால் நாலாம் வாரம் கல்யாணம். ஓலை எழுதிக் கொடுக்க இஞ்ஞாசி பங்குச் சாமியாரிடம் போனார்.

சாமியார் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினார். விரலை ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீ கிறிஸ்தவன் இல்லையே, இஞ்ஞாசி."

"சாமி, போன ஞாயிறு நீங்கதானே எனக்கு நன்மை குடுத்தீங்க."

"அதை வெளியே சொல்லாதே, எனக்குத்தான் கெட்ட பேர். நாலு வருசமாக் கலாசாலைலேர்ந்து எழுத்து மூலமா வந்துருக்கு. உன்னை ரோமை அஞ்ஞானின்னு பேர் மாத்தி எழுதியாச்சு. அஞ்ஞானி மகளுக்கு நான் எப்படி ஓலை வாசிக்கிறது? கலாசாலைல போயி நீ அஞ்ஞானி இல்லைன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வா."

இஞ்ஞாசி வேகுவேகென்று அதிபரிடம் நடந்தார். அதிபர் அவரை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே காரியம் ஆகாது என்று அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு அஞ்ஞானி அஞ்ஞானத்தை விட்டு வருவதற்கு இங்கே ஒரே வழிதான்" என்றார் அதிபர். "அவன் தர்க்கத்தில் தோற்க வேண்டும். விதி பதினேழு."

"நான் நூத்தித் தொண்ணூறு தடவ தோத்துருக்கேனே சாமி."

அதிபர் சந்தியாகுவைப் பார்த்தார். சந்தியாகு பேரேட்டைப் பிரித்தார்.

"தோத்தது உண்மைதான். ஆனா ஒவ்வொரு தடவையும் அடுத்த சனிக்கெழம மறுபடி அஞ்ஞானியா வந்து நின்னுருக்கார். இதுல நூத்தித் தொண்ணூறு வேத மறுதலிப்பு பதிவாகியிருக்கு."

"நீங்க வரச் சொன்னீங்க, வந்தேன்."

"அஞ்ஞானிகள் இப்படித்தான் பேசுவார்கள் என்று பிதாக்களே எழுதியிருக்கிறார்கள்" என்றார் அதிபர் வருத்தத்தோடு. "இதோ பார் இஞ்ஞாசி, உன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் மகள் கல்யாணத்துக்காக வேதத்தில் சேர வருகிறவனை நான் நம்பிவிட்டால், நாளைக்கு எல்லாருமே ஏதாவது ஒரு காரணத்தோடு வந்து நிற்பார்கள். காரணமே இல்லாமல் வருகிறவனைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம். போகட்டும். விசாரணைச் சாமியார் முன்னிலையில் பகிரங்கத் தர்க்கம் வைக்கிறேன். அதில் தோற்றுவிடு."

வீட்டில் மனைவி அன்னாள் அழுதாள். "பிலாத்து வேசம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா? அந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தோக்கத்தான சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல அதுதான். செத்த சும்மா இரு" என்றார் இஞ்ஞாசி.

தர்க்க நாள் வந்தது. விசாரணைச் சாமியார் நடுவில், அதிபர் வலப்பக்கம், சந்தியாகு பேரேட்டோடு இடப்பக்கம். கலாசாலையின் முதல் மாணவன் மரியசூசை எதிரில் நின்றான். பகிரங்கத் தர்க்கத்தில் எதிராளிகளுக்கு நடுவே பன்னிரண்டு அடி இடைவெளி வேண்டும், இருமல் கூடாது என்று அன்று காலையில்தான் புது விதி போட்டிருந்தார்கள்.

இஞ்ஞாசி இருப்பதிலேயே லேசான கேள்வியாக எடுத்தார். "எங்கள் தெய்வங்கள் ரோமாபுரியைக் காத்தன. என்ன சொல்லுகிறாய்?"

மரியசூசை கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சரி, அது வேண்டாம்" என்றார் இஞ்ஞாசி. "கதவுக்கு ஒரு தெய்வம், கீலுக்கு ஒரு தெய்வம், நிலைப்படிக்கு ஒரு தெய்வம் வைத்திருக்கிறோம். இது அதிகமில்லையா? அதிகம்தானே? அதிகம் என்று சொல்."

மரியசூசைக்கு உதவி செய்கிறார் என்பது புரிந்தது. புரிந்ததில் இன்னும் பதறிப்போனான். "அதிகம்னு சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தான். "எங்க வீட்டுலயே பொருள் காணாமப் போனா அந்தோணியாரு, அம்மை போட்டா செபஸ்தியாரு, பாம்பு வந்தா வனத்து அந்தோணியாருன்னு வச்சுருக்கோம். கதவுக்கு ஒருத்தர் இருந்தா நல்லதுதான்."

விசாரணைச் சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இஞ்ஞாசிக்கு மகளின் முகம் கண்ணில் ஆடியது. திரையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தானே பேச ஆரம்பித்தார். ஏழு வருடம் மூன்று வேளையும் வாசித்ததெல்லாம் வரிசையாக வந்தது. சிலையின் தலையில் குருவி கூடு கட்டியது, வாய்க்குள் சிலந்தி வலை பின்னியது, அதை விரட்ட அந்தத் தெய்வத்துக்குக் கை வராமல்போனது, கோயில் எரிந்தபோது பூசாரி முதலில் ஓடியது, ஒரே வெண்கலத்தில் பாதியைச் சட்டியாகவும் பாதியைச் சாமியாகவும் வார்த்தது. தூக்கினவன் காத்தானா, தூக்கப்பட்டது காத்ததா என்று அவர் கேட்டு நிறுத்தியபோது சாலையில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது. அரை மணி நேரம் பேசினார். விசாரணைச் சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கலாசாலையில் இப்படி ஒரு மறுப்பு இதுவரை எழுந்ததில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தீர்ப்பு வாசித்தார்.

"மாணவன் வாயிலிருந்து மறுப்பு வரவில்லை. எனவே அஞ்ஞானி தோற்கவில்லை. தன்னைத் தானே மறுப்பது தோல்வியில் சேராது. அன்றியும், வேத போதகம் செய்ய உத்தரவு பெறாத ஒரு அஞ்ஞானி இந்த மண்டபத்தில் அரை மணி நேரம் வேதம் போதித்திருக்கிறான். இதைத் தனிக் குற்றமாகப் பதியவும். அடுத்த பகிரங்கத் தர்க்கம் மூன்று வருடம் கழித்து."

சந்தியாகு பதிந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் ஆள் அனுப்பினாள். ஆவணி தாண்டினால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருந்தாள். செபஸ்தியம்மாள் தகப்பனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இஞ்ஞாசி பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டார்.

வழி கண்டுபிடித்தவர் சந்தியாகுதான். ஆள் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"ஓலைல தகப்பன் மதம்னு ஒரு கட்டம் இருக்கு. தகப்பன் காலஞ்சென்றவர்னா அந்தக் கட்டத்தை நெரப்ப வேணாம். பங்குப் பதிவேட்டுல உம்மை எறந்தவர்னு எழுதிட்டாப் பொண்ணு கல்யாணம் ஜோரா நடக்கும். சாமியார்கிட்ட நான் பேசுறேன்."

இஞ்ஞாசி எழுந்துகொண்டார். "எழுதிக்கங்க" என்றார்.

மரணத்தை நெருங்கிய உறவினர் ஒருவர் நேரில் வந்து தெரிவிக்க வேண்டும் என்பது பங்குச் சாமியாரின் பதிவேட்டு விதி. இஞ்ஞாசியே போய்த் தெரிவித்தார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'தானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாமியார் மையை ஊதிக் காயவைத்துவிட்டு, ஆத்துமம் இளைப்பாறட்டும் என்றார்.

கலாசாலையிலாவது விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. "அஞ்ஞானிப் பேரேட்டில் மரணத்துக்குக் கட்டம் கிடையாது" என்றார் அதிபர். "ரோமை அஞ்ஞானிகள் எல்லாரும் ஏற்கெனவே இறந்தவர்கள்தானே. நீ சனிக்கிழமை வந்துவிடு."

முதல் ஓலை வாசித்த ஞாயிறு அன்று இஞ்ஞாசி கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். காலஞ்சென்றவர் உள்ளே வந்து உட்கார்ந்தால் நன்றாயிருக்காது என்று சாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். சந்தைக்குப் போகிற வழியில் சோலைமலையும் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"காலஞ்சென்ற இஞ்ஞாசிக்கும் அன்னாளுக்கும் பிறந்த குமாரத்தி செபஸ்தியம்மாளுக்கும்" என்று உள்ளேயிருந்து சாமியாரின் குரல் கேட்டது. விதவைகள் வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த அன்னாள் தாலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள். "இந்தக் கலியாணத்துக்கு விக்கினம் ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லக் கடவார்கள்."

உயிரோடு இருப்பதுதான் விக்கினம். மூன்று தெரு தள்ளி மாடு மிரளுகிற குரல் அவருக்கு. வாயைத் திறந்தால் போதும், இஞ்ஞாசி சாகவில்லை என்று கோயில் முழுக்கத் தெரிந்துவிடும், ஓலையும் நின்றுவிடும். அவர் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணே இது அநியாயமா இருக்கு" என்றான் சோலைமலை. "பேசாம எங்களோட வந்துருங்க. எங்க கருப்பு பரீட்சையெல்லாம் வைக்க மாட்டாரு."

"வர முடியாது அப்பு. நான் உங்க கணக்குலயும் வர மாட்டேன். நான் ரோமாபுரி."

மூன்று ஞாயிறும் அப்படியே நின்றார். நாலாம் வாரம் கல்யாணம். அன்னாளின் அண்ணன் பெண்ணைக் கைப்பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போனான். பெண் வாசலில் ஒரு தரம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள், அங்கே கூட்டம் மறைத்துக்கொண்டிருந்தது. இஞ்ஞாசிக்கு உள்ளே கல்யாண மணி அடித்தது மட்டும் கேட்டது.

மரியசூசைக்கு மட்டும் அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரு நல்ல மனுசனின் குடியைத் தன் வாய் கெடுத்துவிட்டதே என்று சாப்பாட்டு வேளையில் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாசிப்பதைக் கேட்க ஆரம்பித்தான். நூலை வாங்கிப் போய் ஆறு மாதம் உருப்போட்டான். அடுத்த மாசியில் ஒரு சனிக்கிழமை எழுந்து நின்றான். இஞ்ஞாசி வழக்கம்போல இருமப் போனார், அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். கதவு, கீல், நிலைப்படி, குருவிக்கூடு, எரிகிற ஊர் என்று ஒன்றுவிடாமல் மறுத்தான். இஞ்ஞாசி உண்மையாகவே பதில் தேடிப் பார்த்தார். நூலில் இல்லாததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அத்தனைக்கும் அவன் அழுதுகொண்டே பதில் சொன்னான். கலாசாலை திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு அஞ்ஞானி தோற்றதில்லை.

இஞ்ஞாசி கருவேப்பிலைக் கிரீடத்தோடேயே பதிவாளர் அறைக்கு ஓடினார். மூச்சு வாங்கிற்று.

"நெசமாவே தோத்துட்டேன். மரியசூசையே சாட்சி. விசாரணைச் சாமியாருக்கு இப்பவே எழுதுங்க. என் பேரை மாத்துங்க."

சந்தியாகு பேரேட்டை எடுத்தார், பிறகு பங்குக் கோயிலிலிருந்து வந்த நகலையும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"மனந்திரும்புறதுக்கு ஆள் உசிரோட இருக்கணும், இஞ்ஞாசி" என்றார் மெதுவாக. "நீர் அஞ்ஞானியாவே எறந்துட்டீர். கையெழுத்தும் உம்மோடதுதான்."

"அதை அழிச்சுறலாமே."

"அழிச்சா ஓலை செல்லாது. ஓலை செல்லலைன்னா கல்யாணம் செல்லாது. உம்ம பொண்ணு மூணு மாசம் முழுகாம இருக்கான்னு அன்னாள் சொன்னாங்க."

இஞ்ஞாசி குனிந்து பேரேட்டைப் பார்த்தார். தலையிலிருந்து ஒரு கருவேப்பிலை பேரேட்டின் மேல் விழுந்தது, அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து ஆள் வந்து கிரீடத்தைக் கேட்டான், ரசம் தாளிக்க நேரமாகிவிட்டதாம். கழற்றிக் கொடுத்தார். சாப்பாட்டு மணி அடித்தது. மாணவர்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள். இஞ்ஞாசி மேடை ஏறி, காலையில் நிறுத்தின பக்கத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.